நீளத்துக்கு அடுக்கு, கோணத்துக்குப் பெருக்கல்

1 + இ என்ற கலப்பெண்ணைப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். (கழித்தல் ஒன்றின் வர்க்கமூலத்தைப் பாடநூல்கள் ஆங்கில எழுத்தால் குறிக்கின்றன, இங்கே ‘இ’ என்று எழுதிக்கொள்கிறேன். அதன் வர்க்கம் −1, அவ்வளவுதான்.) ஈருறுப்புத் தேற்றம் கைவந்தவர் தயங்க மாட்டார். 1, 10, 45, 120, 210, 252 என்று கெழுக்களை எழுதி, அதே வரிசையைத் திருப்பியும் எழுதி, பதினோரு உறுப்புகளையும் பரப்பிவிடுவார். இ-யின் அடுக்குகள் இ, −1, −இ, 1 என்று நாலுக்கொரு முறை திரும்பி வருவதால் உறுப்புகள் இரண்டு கட்சியாகப் பிரியும். மெய்ப்பகுதி 1 − 45 + 210 − 210 + 45 − 1, கூட்டினால் பூஜ்யம். கற்பனைப்பகுதி 10 − 120 + 252 − 120 + 10, கூட்டினால் 32. விடை 32இ.

விடை சரிதான். ஆனால் இவ்வளவு பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் 32 மட்டும் நிற்கிறதென்றால், உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். அது என்னவென்று பார்க்க ஒரு வரைபடத்தாள் போதும். கிடை அச்சில் மெய்ப்பகுதி, செங்குத்து அச்சில் கற்பனைப்பகுதி என்று வைத்துக்கொண்டு 1 + இ-யின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அடுக்கு பூஜ்யம் என்றால் 1. அடுத்து 1 + இ. பிறகு 2இ, −2 + 2இ, −4, −4 − 4இ, −8இ, 8 − 8இ, 16. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் நத்தை ஓட்டின் சுருள் மாதிரி ஒரு வடிவம் வெளிப்படும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியிலிருந்து சரியாக 45 பாகை திரும்பியிருக்கிறது. ஆதியிலிருந்து அதன் தூரம் √2 மடங்கு கூடியிருக்கிறது. எட்டு முறை திரும்பினால் 360 பாகை, ஒரு முழுச் சுற்று. அதனால்தான் எட்டாம் அடுக்கு மறுபடி வலப்பக்க அச்சில் வந்து உட்கார்ந்தது. இன்னும் இரண்டு திருப்பம் திரும்பினால் நேர் மேலே, 32இ.

ஈருறுப்பு விரிவில் 210-ஐ 210 அடித்தது தற்செயல் அல்ல. பத்தாவது புள்ளி செங்குத்து அச்சின் மேல் விழுந்தே ஆக வேண்டும், ஆகவே மெய்ப்பகுதி பூஜ்யமாகியே தீர வேண்டும். கலப்பெண்ணை அடுக்கேற்றுவது இரண்டு தனித்தனி வேலை. நீளத்தை அடுக்கேற்ற வேண்டும். கோணத்தைப் பெருக்கினால் போதும். முதல் வேலை சின்னப்பிள்ளைக் கணக்கு. தவறு நடப்பதெல்லாம் இரண்டாவதில்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் கோணத்தைப் பற்றியே பேசப்போவதும் அதனால்தான்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்கு டி மாய்வரின் தேற்றம் என்று பெயர். ஆப்ரகாம் டி மாய்வர் 1667-இல் பிரான்சில் பிறந்தவர், புராட்டஸ்டன்ட். 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த வழிபாட்டுச் சுதந்திரத்தை ரத்து செய்தபின் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். நியூட்டன், ஹாலி ஆகியோரின் வட்டத்தில் இருந்தார், 1697-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், ஆனாலும் ஒரு பேராசிரியர் வேலை கிடைக்காமல் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளினார். 1707-லும் 1722-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த விதியின் கரு இருக்கிறது. நாம் இன்று எழுதும் வடிவத்தில் அதை எழுதியவர் ஆய்லர், 1748-இல். கலப்பெண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாக வரைந்து காட்டியதோ அதற்கும் பின்னால்: நார்வேயில் பிறந்த நில அளவையாளர் காஸ்பர் வெஸல் 1797-இல் டேனிஷ் அகாதெமியில் வாசித்த கட்டுரை, பிறகு 1806-இல் ஆர்கன்ட். அதாவது வரைபடத்தாளில் நாம் இரண்டு நிமிடத்தில் பார்த்த சுருளை டி மாய்வர் பார்த்ததே இல்லை. படம் இல்லாமல் சூத்திரத்தைப் பிடித்திருக்கிறார். நமக்கு அந்தச் சிரமம் எதற்கு? படத்தை முன்னால் வைத்துக்கொண்டே போவோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்யலாம். −√3 + இ, இதன் ஏழாம் அடுக்கு.

முதல் படி, மட்டு கண்டுபிடிப்பது. மட்டு என்பது ஆதியிலிருந்து புள்ளிக்கு உள்ள தூரம். மெய்ப்பகுதியின் வர்க்கம் 3, கற்பனைப்பகுதியின் வர்க்கம் 1, கூடுதல் 4, வர்க்கமூலம் 2. மட்டு 2. இங்கே ஒரு சின்ன யோசனை: அடுக்கு இரட்டைப்படை எண்ணாக இருந்தால் வர்க்கமூலம் எடுக்கவே வேண்டாம். 1 + இ-க்கு வர்க்கங்களின் கூடுதல் 2. பத்தாம் அடுக்கின் மட்டு வேண்டுமென்றால் அந்த 2-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 32 வந்துவிடும். √2-ஐ 1.414 என்று எழுதி, அதைப் பத்து முறை பெருக்கி, 31.9 சொச்சம் வந்ததும் விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி, வீச்சு. வலப்பக்க மெய் அச்சிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எவ்வளவு திரும்பினால் நம் புள்ளி இருக்கும் திசை கிடைக்கும் என்பதே வீச்சு. கற்பனைப்பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்து, அந்த விகிதத்துக்கு எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு பொருந்துகிறது என்று பார் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம் கணக்கில் விகிதம் −1/√3. கால்குலேட்டரில் தட்டினால் −30 பாகை என்று வரும்.

அதை நம்பக் கூடாது. −√3 + இ இடப்பக்கம் மேலே, இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. −30 பாகையோ வலப்பக்கம் கீழே, நான்காம் கால்பகுதியில். நேர் எதிர்த்திசை. கால்குலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. −√3 + இ-க்கும் √3 − இ-க்கும் விகிதம் ஒன்றேதான். வகுக்கும்போதே எந்தக் குறி எங்கிருந்தது என்ற தகவல் தொலைந்துவிடுகிறது. ஆகவே வகுப்பதற்கு முன்னால் புள்ளியை ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பழக்கம் இது: குறிகளை மறந்துவிட்டு முதல் கால்பகுதிக் கோணத்தை மட்டும் எடுப்பேன், இங்கே 30 பாகை. பிறகு புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருந்தால் 180-இலிருந்து கழிப்பேன், மூன்றாம் கால்பகுதி என்றால் 180-உடன் கூட்டுவேன், நான்காம் கால்பகுதி என்றால் கோணத்துக்குக் கழித்தல் குறி போடுவேன். நம் புள்ளிக்கு 180 − 30, அதாவது 150 பாகை. மெய்ப்பகுதி பூஜ்யமாக இருந்தால் வகுக்கவே முடியாது. ஆனால் அப்போது புள்ளி செங்குத்து அச்சில்தான் இருக்கிறது, 90 அல்லது −90 என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

இந்தக் கால்பகுதித் தவறுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தவறான கோணம் சரியான கோணத்திலிருந்து எப்போதும் 180 பாகை தள்ளி இருக்கும். அடுக்கு இரட்டைப்படை என்றால் 180-ஐ அந்த எண்ணால் பெருக்கும்போது முழுச் சுற்றுகளாகிக் காணாமல் போய்விடும். தப்பாகச் செய்தும் விடை சரியாக வந்துவிடும். ஒற்றைப்படை அடுக்கில் மட்டும் விடை முழுவதும் குறி மாறி நிற்கும். வீட்டில் பத்துக் கணக்குப் போட்டுப் பத்தும் சரியாக வந்த மாணவர் பரீட்சையில் ஒரு ஐந்தாம் அடுக்கில் போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பயிற்சி செய்வதாக இருந்தால், இடப்பக்கப் புள்ளிகளாகப் பார்த்து ஒற்றைப்படை அடுக்குகளையே போட்டுப் பழகுவது நல்லது.

மூன்றாம் படி, துருவ வடிவத்தில் எழுதி அடுக்கேற்றுவது. −√3 + இ = 2(கொசைன் 150° + இ சைன் 150°). ஏழாம் அடுக்கு: 2-இன் ஏழாம் அடுக்கு 128; 150 × 7 = 1050 பாகை. முடிந்தது.

நான்காம் படி, கோணத்தைச் சுருக்குவது. 1050-இல் இரண்டு முழுச் சுற்று, 720, கழித்தால் 330 பாகை. இன்னொரு சுற்றும் கழித்து −30 என்று வைத்துக்கொண்டால் இன்னும் வசதி. ஐந்தாம் படி, பழைய வடிவத்துக்குத் திரும்புவது: கொசைன் −30° என்பது √3/2, சைன் −30° என்பது −1/2. ஆக 128-ஆல் பெருக்க, விடை 64√3 − 64இ.

கால்குலேட்டர் சொன்ன −30 பாகையை நம்பியிருந்தால் −210, அதாவது 150 பாகை. விடை −64√3 + 64இ. எண்கள் அச்சாக அதே எண்கள், குறிகள் இரண்டும் தலைகீழ். விடைத்தாளைத் திருத்துபவருக்கு எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகாது.

கோணத்தைப் பெருக்கினால் போதும் என்பது ஏன்? மட்டு 1 உள்ள இரண்டு கலப்பெண்களைப் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றின் கோணம் அ, இன்னொன்றின் கோணம் ஆ என்று வையுங்கள். (கொசைன் அ + இ சைன் அ)(கொசைன் ஆ + இ சைன் ஆ) என்பதை விரித்தால் மெய்ப்பகுதி கொசைன் அ கொசைன் ஆ − சைன் அ சைன் ஆ. நடுவில் உள்ள அந்தக் கழித்தல் குறி இ-யின் வர்க்கம் −1 என்பதால் வந்தது. கற்பனைப்பகுதி சைன் அ கொசைன் ஆ + கொசைன் அ சைன் ஆ. பதினொன்றாம் வகுப்பில் முக்கோணவியலில் மனப்பாடம் செய்தவைதான் இவை இரண்டும்: முதலாவது அ + ஆ-வின் கொசைன், இரண்டாவது அ + ஆ-வின் சைன். பெருக்கினால் கோணங்கள் கூடுகின்றன. அதே எண்ணைத் தன்னோடு ஏழு முறை பெருக்கினால் அதே கோணம் ஏழு முறை கூடும். இதைக் கணிதத் தொகுத்தறிதல் முறையில் ஒழுங்காக நிறுவலாம். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, ஆச்சரியமெல்லாம் இந்தப் பெருக்கலிலேயே முடிந்துவிட்டது.

திருப்பிப் படித்தால் இன்னொரு லாபமும் உண்டு. கொசைன் அ + இ சைன் அ-வை மூன்றாம் அடுக்குக்கு ஈருறுப்பு விரிவாகவும் விரியுங்கள், தேற்றத்தாலும் எழுதுங்கள். மெய்ப்பகுதிகளைச் சமப்படுத்தினால் கொசைன் 3அ = 4 கொசைன்³ அ − 3 கொசைன் அ என்பது தானாகக் கிடைக்கும். மனப்பாடம் மறந்துபோனால் இரண்டு வரியில் மீட்டுக்கொள்ளலாம்.

துருவ வடிவம் என்றால் அது அந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும்: முதலில் கொசைன், பிறகு கூட்டல் குறி, பிறகு இ சைன், இரண்டிலும் ஒரே கோணம். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இதைக் குலைத்துக் கொடுப்பதில் தனி ஆனந்தம். (சைன் 20° + இ கொசைன் 20°)⁶ என்று கேட்பார்கள். அவசரத்தில் 20-ஐ ஆறால் பெருக்கி சைன் 120° + இ கொசைன் 120° என்று எழுதினால் √3/2 − இ/2 வரும். தவறு. சைன் 20° என்பது கொசைன் 70°, கொசைன் 20° என்பது சைன் 70°. ஆகவே நம் எண் கொசைன் 70° + இ சைன் 70°. ஆறாம் அடுக்கு 420 பாகை, சுருக்கினால் 60. விடை 1/2 + √3இ/2. கொசைனுக்கும் சைனுக்கும் நடுவே கழித்தல் குறி இருந்தால் கோணத்தை எதிர்க்குறியாக்கினால் போதும்.

எதிர்மறை அடுக்குகளுக்கும் இதே விதி செல்லும். 1 + இ-யின் −6-ஆம் அடுக்கு: வர்க்கங்களின் கூடுதலான 2-இன் −3-ஆம் அடுக்கு 1/8; கோணம் 45 × −6 = −270, ஒரு சுற்றுக் கூட்டினால் 90. விடை இ/8. இணைக் கலப்பெண்ணால் மேலும் கீழும் பெருக்கி விகுதியைச் சீராக்கும் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவு சொன்னபின் ஒரு எச்சரிக்கை. துருவ வடிவம் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. 3 + 4இ-யின் நான்காம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டு 5, அது அழகு. வீச்சு 53.13 பாகை சொச்சம், அது அழகல்ல. ‘53 என்றே வைத்துக்கொள்வோம்’ என்று ஆரம்பித்தால், நான்கால் பெருக்க 212 பாகை; 625-ஆல் பெருக்கினால் −530 − 331இ என்ற அளவில் ஒரு விடை வரும். உண்மையான விடை −527 − 336இ. கோணத்தில் செய்த பிழையும் அடுக்கால் பெருகும் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. விட்டுவிட்ட 0.13 பாகை நான்காம் அடுக்கில் அரை பாகையாகிவிட்டது. நூறாம் அடுக்கில் அது 13 பாகை ஆகும், புள்ளி எங்கேயோ போய் நிற்கும். இந்த மாதிரி எண்களுக்கு நேராகப் பெருக்குவதே மேல், அதுவும் வர்க்கத்தை வர்க்கமாக்கிக்கொண்டே போவது. 3 + 4இ-யின் வர்க்கம் −7 + 24இ; அதை மறுபடி வர்க்கமாக்கினால் 49 − 576 = −527, கற்பனைப்பகுதி −336. இரண்டே பெருக்கல்கள், தசமமே இல்லை. 30, 45, 60-இன் மடங்குகளாகக் கோணம் இருந்தால் துருவ வடிவம். இல்லாவிட்டால் அடுக்கைப் பார்த்து முடிவு செய்வது என்பது என் கட்சி.

ஆனால் மூலம் காண வேண்டும் என்றால் கட்சி மாறிவிடும். அங்கே துருவ வடிவத்துக்குப் போட்டியே இல்லை.

−16-இன் நான்காம் படிமூலம், அதாவது அடுக்கு 1/4. மட்டு 16, அதன் நான்காம் படிமூலம் 2. வீச்சு 180, நான்கால் வகுத்தால் 45. ஆக 2(கொசைன் 45° + இ சைன் 45°) = √2 + √2இ. சரிபார்த்தால் இதன் வர்க்கம் 4இ, அதன் வர்க்கம் −16. விடை சரி, ஆனால் பாதி வேலைகூட ஆகவில்லை. நான்காம் படிமூலம் என்றால் நான்கு இருக்க வேண்டும். மற்ற மூன்றும் எங்கே?

சற்று முன் நாம் 1050 பாகையிலிருந்து 720-ஐக் கழித்துக் குப்பையில் போட்டோம். முழு எண் அடுக்கில் அது நியாயம். 360-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் முழுச் சுற்றுகள்தான், திசை மாறாது. வகுக்கும்போது அந்த நியாயம் செல்லாது. 360-ஐ நான்கால் வகுத்தால் 90. அது கால் சுற்று, வேறு திசை. −16-இன் கோணத்தை 180 என்று சொல்லலாம், 540 என்றும் சொல்லலாம், 900, 1260 என்றும் சொல்லலாம். எல்லாம் அதே புள்ளி. நான்கால் வகுத்தால் 45, 135, 225, 315 என்று நான்கு வெவ்வேறு திசைகள் கிடைக்கின்றன. ஐந்தாவதாக 1620-ஐ எடுத்தால் 405, அது பழைய 45-தான், அங்கே நிறுத்திவிடலாம். நான்கு மூலங்களும் 2 ஆரமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் நின்று ஒரு சதுரம் ஆகின்றன. சுற்றுகளை வகுப்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். வகுத்தபின் 360 சேர்த்தால் ஒரே மூலத்தை நான்கு முறை எழுதியதாகத்தான் முடியும்.

கலப்பெண்கள் கணிதத்துக்குள் வந்ததே இந்த மூல விவகாரத்தால்தான். கார்டானோ 1545-இல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாக்னா’ முப்படிச் சமன்பாடுகளுக்கு ஒரு சூத்திரம் தந்தது. க³ = 15க + 4 என்ற சமன்பாட்டில் அதைப் போட்டால் 2 + 11இ-யின் முப்படிமூலத்தையும் 2 − 11இ-யின் முப்படிமூலத்தையும் கூட்டு என்கிறது. விசித்திரம் என்னவென்றால், க = 4 என்று போட்டுப் பார்த்தால் 64 = 60 + 4; சாதாரண விடை கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. சூத்திரம் எதற்காக இல்லாத எண்களுக்குள் புகுந்து புறப்படுகிறது? 1572-இல் ராஃபேல் பொம்பெல்லி இதற்கு வழி கண்டார். 2 + இ-யை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் 2 + 11இ வருகிறது என்று காட்டினார். அதன் ஜோடி 2 − இ. இரண்டையும் கூட்டினால் 4. அற்புதம்தான், ஆனால் 2 + இ எங்கிருந்து வந்தது? விடை 4 என்று முன்பே தெரிந்ததால்தான் பாதியான 2-ஐ ஊகிக்க முடிகிறது. விடை தெரியாவிட்டால்?

நம் படிகளைப் போட்டுப் பார்ப்போம். 2 + 11இ-யின் வர்க்கங்களின் கூடுதல் 4 + 121 = 125, மட்டு √125, அதன் முப்படிமூலம் √5. புள்ளி முதல் கால்பகுதியில் இருப்பதால் கால்குலேட்டரை இந்த முறை நம்பலாம்: டேன் மதிப்பு 5.5, கோணம் 79.695 பாகை. மூன்றால் வகுத்தால் 26.565. √5-ஐ இதன் கொசைனால் பெருக்கினால் 2, சைனால் பெருக்கினால் 1. பொம்பெல்லியின் 2 + இ ஊகம் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அதோடு நிற்கவும் இல்லை. வகுப்பதற்கு முன்னால் 360, 720 சேர்த்தால் மற்ற இரண்டு கோணங்கள் 146.565, 266.565. ஒவ்வொரு மூலத்தையும் அதன் இணைக் கலப்பெண்ணோடுதான் ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடியின் பெருக்கல் தொகை 5 ஆக வேண்டும் என்பது, அதாவது 15-இல் மூன்றில் ஒரு பங்கு, சூத்திரத்தின் நிபந்தனை. இணைகளைக் கூட்டும்போது கற்பனைப்பகுதி அடிபட்டு மெய்ப்பகுதியின் இரட்டிப்பு மிஞ்சும். ஆக விடைகள் 2√5-ஐ இந்த மூன்று கோணங்களின் கொசைன்களால் பெருக்கிக் கிடைப்பவை: 4, −3.732, −0.268. கடைசி இரண்டும் −2 − √3, −2 + √3 என்று சமன்பாட்டை க − 4-ஆல் வகுத்துப் பார்த்தால் தெரியும். வகுத்தபின் மிஞ்சுவது க² + 4க + 1. மூன்றும் மெய்யெண்கள். கலப்பெண்களுக்குள் புகுந்து வெளியே வந்தால் சமன்பாட்டின் எல்லாத் தீர்வுகளும் கையில் இருக்கின்றன.

கோணத்தை வகுப்பதற்கு முன் சுற்றுகளைச் சேர்ப்பதன் பலத்தைக் கலப்பெண் இல்லாமலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். லூவனில் பிறந்த ஆட்ரியான் வான் ரூமன் என்ற கணிதர் 1593-இல் ஐரோப்பியக் கணிதர்களுக்கு ஒரு சவால் விட்டார்: 45-ஆம் படிச் சமன்பாடு ஒன்று. 45க − 3795க³ என்று தொடங்கிக் குறி மாறி மாறிப் போய் க⁴⁵-இல் முடியும். வலப்பக்கம் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக அடுக்கிய ஒரு எண். பிரான்சில் இதற்கு ஆள் இல்லை என்று நாலாம் ஹென்றி மன்னரிடம் நெதர்லாந்துத் தூதர் சொன்னதாகவும், மன்னர் ஃபிரான்ஸ்வா வியட்டைக் கூப்பிட்டதாகவும் கதை சொல்வார்கள். வியட்டுக்கு அந்தக் கெழுக்கள் பரிச்சயமானவை. க என்பது ஒரு கோணத்தின் சைனின் இரட்டிப்பு என்றால், அந்த நீண்ட இடப்பக்கம் முழுவதும் 45 மடங்கு கோணத்தின் சைனின் இரட்டிப்புதான். வலப்பக்கத்து வர்க்கமூலக் குவியல் 12 பாகையின் சைனின் இரட்டிப்பு, 0.4158 சொச்சம்.

மிச்சம் உள்ளதை நாமே செய்துவிடலாம். 45 மடங்கு கோணம் 12 பாகை, அல்லது 372, அல்லது 732... 45-ஆல் வகுத்தால் முதல் கோணம் ஒரு பாகையில் 12/45 பங்கு, அதாவது 16 நிமிடம். அதன்பின் ஒவ்வொரு சுற்றும் 8 பாகை சேர்க்கும், ஏனென்றால் 360-ஐ 45-ஆல் வகுத்தால் 8. முதல் தீர்வு 16 நிமிடக் கோணத்தின் சைனின் இரட்டிப்பு, 0.0093 சொச்சம், 45-ஆல் பெருக்கி, அடுத்த உறுப்பையும் கழித்துப் பார்த்தால் 0.4158-க்கு வந்துவிடுகிறது. எட்டெட்டுப் பாகையாகக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 45 கோணங்கள். அவற்றில் 180-க்குள் இருப்பவை 23. அவற்றின் சைன் நேர்மறை. மிச்சம் 22-க்கும் சைன் எதிர்மறை. வியட் 23 தீர்வுகளைத்தான் எழுதிக் கொடுத்தார். எதிர்மறை எண்களைத் தீர்வாக ஏற்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

டி மாய்வரின் 1707-ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்கொண்டதும் இதே வகைச் சமன்பாடுகளைத்தான்: மூன்றாம் படி, ஐந்தாம் படி, ஏழாம் படி என்று ஒற்றைப்படையில் ஏறிக்கொண்டே போகும் சமன்பாடுகள்.